சி.இ.ஏ. ரிசல்ட்டைக் காட்டி ஸ்கேனுக்குப் பணம் கட்டவைக்கிறார்கள், கவனம்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, நோய் திரும்புகிறதா என்று அறிய மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. (புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) பார்த்துவந்த, குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துக்காரர் ஒருவருக்கு நடந்தது இது. எப்போதும் திருவனந்தபுரத்தில் ஒரே லேபில் ரத்தம் கொடுப்பவர். இந்த முறை அலைச்சல் வேண்டாமென்று, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற ஒரு லேபைக் கூப்பிட்டார். முந்தைய அளவு 2.9, இவர்கள் கொடுத்தது 5.6. ரிசல்ட்டோடு போனும் வந்தது: "கூடியிருக்கு, உடனே பெட் ஸ்கேன் எடுக்கணும், நாங்களே புக் பண்ணித் தாறோம்." பெட் ஸ்கேன் என்பது உடம்பில் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று தேடும் படம். வீட்டார் பயந்துபோய் முன்பணம் கட்டினார்கள். டாக்டர் சொல்லிப் பழைய லேபிலேயே திரும்பப் பார்த்தபோது 3.0. முன்பணம் வரவில்லை. கேட்டதற்கு, "மெஷின் எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்றார்கள்.

ஒன்றே அல்ல. சி.இ.ஏ. புரதத்தைப் பிடிக்க ஒவ்வொரு கம்பெனி கிட்டிலும் வேறு வேறு ஆன்டிபாடி. அதனால் ஒரே ரத்தத்துக்கே இரண்டு கருவிகள் இரண்டு அளவு காட்டலாம். ஒரே லேப், ஒரே முறை என்று தொடர்ந்தால்தான் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம். லேபை மாற்றியே ஆகவேண்டுமென்றால், அதே நாளில் இரண்டு இடத்திலும் கொடுத்துப் புதிய தொடக்க அளவு வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த லேப் கொடுத்த ரிப்போர்ட்டில் கருவியின் பெயரும் இல்லை, முறையும் இல்லை. சாம்பிள் எந்த லேபுக்குப் போனது என்றுகூட இல்லை. உயர்ந்த அளவு வந்தால் முதல் வேலை அதே லேபில் மறுபரிசோதனை. ஸ்கேன் வேண்டுமா என்பது டாக்டர் சொல்ல வேண்டியது, ரத்தம் எடுக்க வந்தவர் சொல்ல வேண்டியது அல்ல.

அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி இன்னொன்று: பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை உண்டா? கீமோவுக்குப் பிறகு முடி வளர 5, 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறைய. சில கிட்டுகளில் ஆன்டிபாடி, தன்னோடு இணைத்த பயோட்டின் வழியாகத்தான் கிட்டின் பரப்பில் ஒட்டும். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் முந்திக்கொண்டு பஸ்ஸில் துண்டு போட்டதுபோல அந்த இடத்தைப் பிடித்துவிடும். அளவு பொய்யாகக் குறைந்து வரும். நோய் திரும்பியிருந்தாலும் தெரியாமல் போகலாம். டாக்டரிடம் கேட்டு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். வெறும்வயிறு தேவையில்லை. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் சி.இ.ஏ. தற்காலிகமாக ஏறுவதும் உண்டு.

இதே ஆட்கள் ஓணம் ஆஃபர் என்று நல்ல உடம்புக்காரர்களுக்கும் 'கேன்சர் பேக்கேஜ்' விற்கிறார்கள். சுத்த ஏமாற்று. ஆரம்பக்கட்டப் புற்றுநோயில் பெரும்பாலும் சி.இ.ஏ. இயல்பாகவே இருக்கும். பீடி குடிப்பவருக்கு 5 வரை சாதாரணம். ஈரல் நோய், குடல் அழற்சி, தைராய்டு குறைவு இவற்றிலும் ஏறும். கூடவே சேர்த்து விற்கும் சி.ஏ. 19-9 என்ற இன்னொரு புற்றுநோய் ரத்தப் பரிசோதனை இன்னும் மோசம். ஏ, பி போலவே லூயிஸ் என்றும் ஒரு ரத்த வகை உண்டு; அது இல்லாதவர்களின் உடம்பு அதை அநேகமாக உண்டாக்குவதே இல்லை. மலத்தில் ரத்தம் போகிறவர் 'நார்மல்' காகிதத்தை நம்பி மூலம் என்று இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. அவருக்குத் தேவை கொலோனோஸ்கோபி, அதாவது கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை.

பணம் போனவர்கள் பில், ரிப்போர்ட், போனில் வந்த மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். லேபுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலும் பதியலாம்.