திருகோணமலையில் கெலவல்லா வாங்க ஒரு நல்ல கடை
கொட்பே துறைமுகத்தில் இறங்கும் கெலவல்லாவை, அதாவது மஞ்சள் துடுப்புச் சூரையை, ஐஸ் குறையாமல் வைத்து விற்கிறார்கள். துண்டு சிவப்பாக, இறுக்கமாக இருந்தது, குழம்பு அருமை. வெட்டித் தரத்தான் அரை மணி நேரம். எனக்குப் பிடித்தது வேறு: தூண்டிலா வலையா என்று கேட்டால் கடைக்கார அண்ணன் ஒளிக்காமல் சொல்கிறார். இந்த மீன் அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டுவிட்டது என்று 2015இல் தெரிந்ததும், சூரை பிடிப்பை ஒழுங்குபடுத்தும் பல நாட்டு அமைப்பான இந்து சமுத்திர டூனா ஆணைக்குழு அடுத்த வருடமே, நிறையப் பிடிக்கும் நாடுகள் 2014ஆம் ஆண்டுப் பிடிப்பிலிருந்து சுருக்கு வலையில் 15 வீதம், செவுள் வலையிலும் நீள் தூண்டிலிலும் 10 வீதம் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. சுருக்கு வலைக்குக் கூடுதல் வெட்டு விழுந்தது நியாயம்தான், குஞ்சுச் சூரையை அள்ளுவது அதுதானே. சின்னக் கெலவல்லா இருந்தால் வாங்காதீர்கள், பெரியதைக் கேளுங்கள், எடுத்துத் தருவார்.