பொறியியல் மாணவருக்கு எந்த வெளிநாட்டு வழி? ஒரு செமஸ்டர் முதல் முதுமாணி வரை

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்குப் போகும்படி ஊக்கப்படுத்த வேண்டும் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ரொறன்ரோவில் மாமா, லண்டனில் பெரியம்மா, பாரிஸில் ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாரும் இல்லாத வீடு இங்கே குறைவு. ஆனால் அந்த உறவுகளில் பலர் போன வழி வேறு, படிக்கப் போகும் வழி வேறு. பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்குக்கூட இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நான்கு வருடம் பாடமும் பரீட்சையுமாகக் கழிந்து, இறுதிப் பெறுபேறு கையில் வந்த பிறகுதான் நகரில் ஒரு முகவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, "எந்த நாட்டுக்கு விசா சுலபம்?" என்று கேட்கிறார்கள். அந்த வேளையில் நல்ல வழிகளில் பாதி மூடியிருக்கும்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். உயர்தரம் முடித்த கையோடு இளமாணிப் பட்டத்துக்கே வெளிநாடு போவது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ, மொறட்டுவையிலோ, பேராதனையிலோ இலவசமாக இடம் கிடைத்த பிள்ளைக்கு இது தேவையற்ற செலவு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். அந்த நிறுவனம் அங்கீகரித்த பட்டத்தை அவுஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தங்கள் பட்டத்துக்கு நிகராகவே பார்க்கின்றன. தன் துறையும் தன் ஆண்டுத் தொகுதியும் அந்த அங்கீகாரத்துக்குள் வருகின்றனவா என்று மட்டும் மாணவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சுவது இரண்டு வகை. படித்துக்கொண்டிருக்கும்போதே சில மாதம் போய் வருவது ஒன்று. பட்டம் முடித்து முதுமாணிக்குப் போவது மற்றது. ஊரில் பேச்செல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். பல்கலைக்கழகம் தன் முயற்சியை முதலாவதில் போட வேண்டும் என்பது என் கட்சி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் பிளஸ் திட்டத்தில், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மாணவரும் இரண்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை அங்குள்ள பல்கலைக்கழகமொன்றில் படித்துவிட்டு வரலாம். போய்ச் சேரும் பல்கலைக்கழகம் கட்டணம் கேட்காது. மாதப்படியும் பயணச் செலவும் திட்டத்திலிருந்தே வரும். ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும். மாணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாக விண்ணப்பிக்க முடியாது. ஆகவே பீடம் அசையாவிட்டால் இந்தக் கதவு திறக்காது. நோர்வேயின் பெர்கன் நகரிலுள்ள மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துடன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சூரிய சக்தி போன்ற துறைகளில் வைத்திருக்கும் தொடர்பு, இப்படிப்பட்ட உறவு இங்கே சாத்தியம் என்பதற்குச் சாட்சி. நோர்வே 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் கட்டணம் வாங்குகிறது. பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறவருக்கு அந்தச் சுமை கிடையாது. அதே கட்டடம், அதே ஆய்வுகூடம். ஒருவர் காசு கட்டிப் படிக்கிறார், மற்றவர் கட்டாமல் படிக்கிறார்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 அலகுகள். இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு வருடத்துக்கே 30 அலகுகள்தான். ஐரோப்பிய அலகு ஒன்று 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எங்கள் அலகு ஒன்று 50 மணி நேரம். எனவே அங்கே எடுத்த 30 இங்கே ஏறக்குறைய 15 ஆகும், அதாவது சரியாக ஒரு செமஸ்டர். கணக்கு இவ்வளவு நேராக இருந்தும் நடைமுறையில் சிக்குகிறது. அங்கே இலையுதிர்காலப் பருவம் நாட்டைப் பொறுத்து ஓகஸ்ட் முதல் ஒக்டோபருக்குள் தொடங்கும். இங்கே கொரோனா, 2022 நெருக்கடி, வேலைநிறுத்தங்கள் என்று நாட்காட்டி இழுபட்டு, எந்த மாதம் எந்தத் தொகுதிக்குப் பரீட்சை என்பதே அறிவித்தல் பலகையைப் பார்த்துத்தான் தெரியும். போய் வந்த மாணவர் இங்கே தவறவிட்ட ஒரு கட்டாய ஆய்வுகூடப் பாடத்தை அடுத்த வருடம் கனிஷ்ட மாணவரோடு இருந்து முடிக்க நேரிடும். அந்தப் பரீட்சை முதல் அமர்வாகக் கணிக்கப்படுமா, மீள் பரீட்சையாகக் கணிக்கப்படுமா என்பது முன்கூட்டியே எழுத்தில் இல்லையென்றால் முதல் வகுப்புச் சித்தியே கைநழுவிப் போகும். கெட்டிக்காரப் பிள்ளைகள் பரிமாற்றத்துக்குப் பயப்படுவது இதனால்தான். குளிருக்கோ சாப்பாட்டுக்கோ அவர்கள் பயப்படுவதில்லை.

பாடங்கள் நடக்கும் செமஸ்டரைத் தொடாமல், கைத்தொழிற் பயிற்சிக்கு ஒதுக்கிய மாதங்களில் அனுப்பினால் என்ன? அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகளில் பலர் எப்படியும் கொழும்பில் ஒரு அறை எடுத்துத்தான் இருக்கிறார்கள். அதே காலத்தை வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் கழித்தால் தொகுதியும் தவறாது, பாடமும் விடுபடாது. மன்னார் தம்பபவனிக் காற்றாலையின் 30 விசையாழிகளும் டென்மார்க் நிறுவனமொன்றின் தயாரிப்பு. அந்தத் தொழில்நுட்பம் பிறந்த மண்ணில் சில மாதம் வேலை பழகிய மின் பொறியியல் மாணவர் ஊர் திரும்பினால் அவருக்கு இங்கேயே செய்ய வேலை இருக்கிறது. இன்னொரு நன்மை வீட்டுப் பக்கத்தில். திரும்பும் திகதி பயணச்சீட்டிலேயே இருப்பதாலும், பல்கலைக்கழகமே அனுப்புவதாலும், மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் தாய் தகப்பன் இதற்கு ஓரளவு இணங்குவார்கள்.

குறை ஒன்று உண்டு, அது சிறிதும் அல்ல. ஒவ்வொரு வருடமும் பரிமாற்றத்தில் போகக்கூடியவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு முதுமாணிதான்.

முதுமாணி என்றதும் முகவர்கள் முன்வைப்பது இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும். இங்கிலாந்தின் கவர்ச்சி, ஒரே வருடத்தில் முடிந்துவிடுகிறது என்பது. பெயருள்ள பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதுமாணிக்கு 25,000 பவுணுக்கு மேல் கேட்பார்கள். பவுணை 400 ரூபாயாக வைத்தாலே ஒரு கோடி. வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம், விசாக் கட்டணம், வாடகை எல்லாம் தனி. வாழ்க்கைச் செலவுக்கான பணம் 28 நாட்கள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். அந்த 28 நாட்களுக்கு வட்டிக்குப் பணம் வாங்கி வைக்கும் பழக்கம் ஊரறிந்தது. விசா கிடைத்ததும் அந்தப் பணம் உரியவரிடம் போய்விடும். பிள்ளை அங்கே வாரத்துக்கு 20 மணி நேர வேலை அனுமதியோடு மாத வாடகையைத் தேடும். படிப்புக்குப் பின் வேலை தேட இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது.

அவுஸ்திரேலியாவில் விசா விண்ணப்பத்துக்கே 2,000 டொலர், கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் காட்ட வேண்டும். டொலரை 200 ரூபாயாக வைத்தால் 59 இலட்சத்துக்கு மேல். கட்டணம் இதற்கு மேலே. மெல்பேர்ணில் உறவினர் வீட்டில் தங்கலாம் என்ற கணக்கு சிலருக்குச் சரிவரும். காணி உறுதியை ஈடு வைத்துப் போகிறவருக்கு என் பார்வையில் இரண்டு நாடும் சரிவராது. கடனுக்குப் பயந்து கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, படித்த துறையை விட்டு விலகிப்போவதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பது எரஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணி. இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிப்பது. புலமைப்பரிசில் கிடைத்தவரின் கட்டணம் முழுவதையும் திட்டம் ஏற்கும். மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். யூரோவை 350 ரூபாயாக வைத்தால் மொத்தம் ஒரு கோடியே 17 இலட்சத்துக்கு மேல். இங்கிலாந்துக்குப் போகிறவர் கடனாக எடுத்துச் செல்லும் தொகையை இவருக்கு உபகாரமாகக் கொடுக்கிறார்கள். போட்டி உலகளாவியது, உண்மை. ஆனால் இறுதியாண்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், பல கற்கைநெறிகளுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை காலம் உண்டு. பெறுபேறு வந்த பிறகு யோசிப்பவர் ஒரு முழு வருடத்தை இங்கேயே இழக்கிறார்.

கனடாவைப் பற்றி முகவர்கள் சொல்லாத ஒரு விடயம் இருக்கிறது. அங்கே பொறியியல் முதுமாணி இரண்டு வகை. எம்.எங். என்பது பாடங்களை மட்டும் படித்து முடிப்பது, பெரும்பாலும் சொந்தக் காசு. எம்.ஏ.எஸ்சி. என்பது ஆய்வேடு எழுதுவது. பேராசிரியர் தன் ஆய்வு நிதியிலிருந்து மாணவருக்குப் படி கொடுப்பது வழமை. முகவருக்குத் தரகு கிடைப்பது முதலாவதில்தான், ஆகவே இரண்டாவது அவர் மேசைக்கே வருவதில்லை. இரண்டாவதற்கு வழி, பேராசிரியரின் அண்மைக் கட்டுரையை உண்மையாகவே வாசித்து, தன் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை நான்கு வரியில் எழுதி அனுப்புவது. நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் பதில் வராது. அமெரிக்காவில் இதே முறையில் பட்டத்திலிருந்து நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்கே போகலாம். ஜப்பானிய அரசின் புலமைப்பரிசிலும் இந்த வகையைச் சேர்ந்ததே. கட்டணம் இல்லை, மாதப்படி உண்டு, கொழும்பிலுள்ள தூதரகம் ஊடாக விண்ணப்பம். மொழி தெரியாதே என்று பின்வாங்குகிறவர்கள் பலர். அங்கே போனதும் மொழிப் பயிற்சிக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஜேர்மனி நடுவே நிற்கிறது. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஸ்ருட்காட், கால்ஸ்ரூ நகரங்கள் உள்ள பாடன் வூட்டம்பேர்க் மாநிலம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. விசாவுக்கு ஒரு வருடச் செலவான 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட வேண்டும், ஏறக்குறைய 41 இலட்சத்து 66 ஆயிரம் ரூபாய். தொகையைக் கேட்டதும் மலைப்பு வரும். இங்கிலாந்தில் கட்டும் கட்டணம் போனால் போனதுதான். இது மாதம் 992 யூரோவாக மாணவர் கைக்கே திரும்பி வரும். அங்கே போதிய வருமானமுள்ள உறவினர் பொறுப்பேற்புப் பத்திரம் கொடுத்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது. எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்த எங்கள் ஆட்கள் எத்தனை பேர்! சித்தப்பாவிடம் காசு கேட்பதைவிடக் கையெழுத்துக் கேட்பது கௌரவமானது. வருடத்தில் 140 முழு நாட்கள் வேலை செய்யலாம், படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம். ஆங்கிலத்தில் கற்கைநெறி கிடைத்தாலும் வேலைக்கு ஜேர்மன் மொழி வேண்டும். அதை மூன்றாம் ஆண்டிலேயே தொடங்காதவருக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

இந்தியாவை யாருமே ஒரு தெரிவாக எண்ணுவதில்லை. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமான பிறகு சென்னை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரம். வைத்தியத்துக்கும் கலியாணச் சேலைக்கும் போகிறோம், ஐ.ஐ.டி.யில் படிக்கப் போவதில்லை. இந்திய அரசு இலங்கை மாணவருக்கென்றே முதுமாணிப் புலமைப்பரிசில்களை வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலேயே துணைத் தூதரகமும் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் எங்கள் நிலத்தடி நீரையும் இரணைமடுக் குளத்தின் நீர் வரவு செலவையும் ஆராய நினைக்கும் குடிசார் பொறியியல் மாணவருக்கு, இதே வெயிலையும் மழையையும் அறிந்த பேராசிரியர் பெர்கனில் இருப்பதைவிடச் சென்னையில் இருக்க வாய்ப்பு அதிகம். படிப்பு முடிந்து அங்கேயே வேலைக்கு நிற்கலாம் என்ற எண்ணத்தோடு போகிறவருக்கு இந்தியா ஏமாற்றம் தரும். திரும்பி வர நினைப்பவருக்கு இது செலவு குறைந்த வழி.

காசு கட்டிப் போகும் வழியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவாக வேண்டியது, மாணவரை உண்மையில் அறிந்த இரண்டு விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதம். வகுப்பில் கடைசி வாங்கில் நான்கு வருடம் இருந்த பிள்ளைக்கு எந்த விரிவுரையாளரும் மூன்று வரிக்கு மேல் எழுத முடியாது. ஆங்கிலத்தில் பெறுபேற்று அறிக்கை கையில் கிடைக்க எத்தனை வாரம் ஆகும் என்பதும் விண்ணப்பத்தின் தலைவிதியைத் தீர்க்கும். பீடம் ஊக்குவிக்க விரும்பினால் கருத்தரங்கு வைத்து மாலை போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பரிமாற்ற அலகுகளை ஏற்கும் விதியை எழுத்தில் கொண்டு வரட்டும், ஒக்டோபர் பிறக்கும் முன்பே இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஆங்கிலப் பெறுபேற்று அறிக்கையைக் கொடுக்கட்டும்.