தருமபுரி கட்டுரை கிளாஸ், சேர்க்கலாமா வேணாமா: ஒரு அம்மாவோட ரிவ்யூ

இலக்கியம்பட்டி பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் நடக்குற கட்டுரை கிளாஸ் பத்தி ஸ்கூல் வேன் வாட்ஸ்அப் க்ரூப்புல ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு பதிலா ஒரேயடியா எழுதிடறேன். கிளாஸுக்கு போர்டு கிடையாது, பேரும் கிடையாது. பசங்க "தமிழம்மா கிளாஸ்"னு தான் சொல்லுதுங்க. ரிட்டயர்டு தமிழ் டீச்சர், அவங்க வீட்டு மொட்டை மாடில தகர ஷீட்டு போட்டு நடத்தறாங்க. ஃபீஸ் மாசம் 500 ரூபா. எங்க பொண்ணு ஒம்பதாவது, போன வருஷத்துலேர்ந்து போயிட்டிருக்கா.

மொதல்லயே சொல்லிடறேன், இது மார்க் ஏத்தற டியூஷன் இல்ல. மார்க் ஏறும், ஆனா லேட்டா ஏறும், நடுவுல ஒரு தடவை எறங்கவும் எறங்கும், அத கீழ சொல்றேன். இங்க சொல்லித்தர்றது ஒண்ணே ஒண்ணு தான், எழுதறதுக்கு முன்னாடி பாக்கறது. கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா நம்ம பசங்க நோட்ட எடுத்து பாருங்க, ஒருத்தனும் எதையும் பாத்து எழுதல, எல்லாம் கைடுல இருந்து வர்ற வரி.

பத்தாவது தமிழ் பேப்பர் தெரியும்ல, குறிப்பு குடுத்து எழுதச்சொல்ற கட்டுரை 8 மார்க், அதுக்கு மேல "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக"ன்னு ஒரு படம் குடுத்து 5 மார்க். அந்த 5 மார்க்குக்கு எந்தப் படம் வந்தாலும் பொருந்தற மாதிரி அஞ்சாறு வரி மனப்பாடம் பண்ண வெச்சிடறாங்க. படத்துல மரம் வெட்டுனாலும் அதே வரி, புள்ளைங்க நூலகத்துல படிச்சாலும் அதே வரி. கண்ணை மூடிட்டு எழுதலாம், கேள்விலயே "கண்டு"ன்னு போட்டிருக்கு, அது தான் வேடிக்கை.

தமிழம்மா கிளாஸ்ல கரும்பலகையோட இடது ஓரத்துல ஒரு லிஸ்ட் எப்பவும் இருக்கும், அழிக்கவே மாட்டாங்க. அழகான, அருமையான, மிகவும், கண்ணுக்கு விருந்து, மனதைக் கொள்ளை கொண்டது, சொல்ல வார்த்தைகளே இல்லை. இதெல்லாம் எழுதக்கூடாது. எழுதுனா அடிக்க மாட்டாங்க திட்ட மாட்டாங்க, அந்த வார்த்தைக்கு கீழ பென்சில்ல கோடு போட்டு ஓரத்துல "என்ன பாத்த?"ன்னு மட்டும் எழுதி குடுத்துடுவாங்க. எங்க பொண்ணோட மொத நோட்டுல பக்கத்துக்கு பக்கம் அந்த கேள்வி தான். வீட்டுல இப்ப நான் சாம்பார் சூப்பர்னு சொன்னா கூட அவ அதே கேள்விய கேக்கறா, அது வேற தொல்லை.

எனக்கு ரொம்ப புடிச்ச கிளாஸ் பட்டுக்கூடு கிளாஸ். நம்மூர்ல மல்பெரி போட்டு பட்டுப்புழு வளக்கறவங்க எத்தனை பேரு, கவர்மெண்ட் பட்டுக்கூடு அங்காடியே இங்க இருக்கு, ஆனா கையில ஒரு கூட்ட வெச்சு பாத்த டவுன் பசங்க கம்மி. ஒரு மொறத்துல கூடு கொண்டுவந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு, கொஞ்ச நேரம் பேனாவ தொடக்கூடாதுன்னுட்டாங்க. அன்னிக்கு மழை, நான் கூட்டிட்டு போக சீக்கிரமா போயி படிக்கட்டுலயே உக்காந்து பாத்தேன், அத்தனை பசங்களும் கூட்ட காதுகிட்ட வெச்சு ஆட்டிட்டு இருக்குதுங்க. உள்ள கூட்டுப்புழு லேசா இடிக்கும். மேல விரல தேச்சா சொரசொரன்னு இருக்கும், நகத்துல ஒரு இழை மாட்டிக்கிட்டு கூடவே வரும், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிசா. ஒரு நல்ல வெள்ளைக் கூட்ட பிரிச்சா கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூலு வரும்னு தமிழம்மா சொன்னதும் ஒரு பையன் "இங்கேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வருமா மிஸ்"னு கேட்டான், கிளாஸே சிரிச்சிடுச்சு.

அன்னிக்கு எங்க பொண்ணு முதல்ல எழுதுனது: "பட்டுக்கூடு வெண்மையாகவும் அழகாகவும் காணப்படுகிறது. பட்டு நமது பாரம்பரியத்தின் அடையாளம்." கோடு, "என்ன பாத்த?", திரும்ப எழுது. மூணாவது தடவை வந்தது இது: "வேர்க்கடலையை விடக் கொஞ்சம் பெரியது. கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. காதருகே ஆட்டினேன், உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள். வெந்நீரில் போடுவார்கள் என்று அம்மா சொன்ன பிறகு நான் ஆட்டவில்லை." அந்த கடைசி வரிய படிச்சுட்டு நான் ரெண்டு நாள் அதையே நெனச்சிட்டு இருந்தேன். நூலு எடுக்க புழுவோட சேத்து தான் கூட்ட வெந்நீர்ல போடுவாங்க, ஆனா பாவம்னு எழுதல, வருத்தமா இருக்குன்னு எழுதல, ஆட்டலன்னு மட்டும் எழுதிருக்கா. அப்புறம் ஒரு காலைல அங்காடிக்கும் கூட்டிட்டு போனாங்க, தட்டு தட்டா கொட்டி வெச்சிருக்கற கூட்ட வாங்க வந்தவங்க அள்ளிப் பாக்கறது, ஏலம் கேக்கறது எல்லாம் பாத்துட்டு வந்து ரெண்டு பக்கம் எழுதுனா. ஆனா எனக்கு அந்த ஒத்தைக் கூடு கட்டுரை தான் ஒசத்தி.

எழுதற வரிசைக்கு அவங்க சொல்றது தொல்காப்பியத்துல இருக்கற முதல், கரு, உரி. நாமெல்லாம் இத ஒரு மார்க் கேள்விக்கு படிச்சு மறந்தது. முதல்னா நிலமும் பொழுதும், கருன்னா அந்த நிலத்துல இருக்கற மரம், பறவை, மிருகம், சாப்பாடு, பறை, தொழில் இதெல்லாம், உரின்னா ஒணர்ச்சி. கட்டுரைலயும் அப்படியே, எங்க எப்போன்னு ரெண்டு வரி, அங்க என்னென்ன இருக்குன்னு பொருள் பொருளா, ஒணர்ச்சிய மட்டும் நீ சொல்லாத, படிக்கறவங்களுக்கே வரட்டும்பாங்க. இத புடிச்சுக்கிட்ட ஒரு பையன் இருக்கான், அப்பா லாரி டிரைவர், லீவுல அவரோட வண்டில போயிருக்கான். தொப்பூர் கணவாய் பத்தி எழுதுனத தமிழம்மா கிளாஸ் க்ரூப்புல போட்டாங்க, அவன் வீட்டுல கேட்டுட்டு தான் இங்க போடறேன்: "இரவு இரண்டு மணி. தொப்பூர் இறக்கம் தொடங்கியதும் அப்பா பாட்டை நிறுத்தினார். முன்னால் போன வண்டியிலிருந்து பிரேக் கருகும் வாசனை வந்தது. கிளீனர் அண்ணன் வெற்றிலை மெல்லுவதை விட்டுவிட்டார். கீழே விளக்குகள் தெரிந்ததும் மறுபடி மென்றார்." அந்த ரோட்டுல எத்தனை ஆக்சிடெண்ட் நடந்திருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அவன் பயம்ங்கற வார்த்தையே எழுதல, எனக்கு படிக்கறப்ப கை சில்லுன்னு ஆயிடுச்சு.

ஔவையார் கிளாஸ் ஒண்ணு சொல்லியே ஆகணும். அதியமான் நம்ம தகடூர் ஆளு, தகடூர்னா இதே தருமபுரி தான். நெல்லிக்கனி கதைய எல்லா ஸ்கூல்லயும் சொல்லுவாங்க, தமிழம்மா அத விட்டுட்டு புறநானூறு 95ஆம் பாட்ட எடுத்தாங்க. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போறாங்க, அவன் தன்னோட ஆயுதசாலைய காட்டறான். ஔவையார் என்ன சொல்றாங்க, உன் ஆயுதமெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி காவலுள்ள அரண்மனைல பத்திரமா இருக்கு, எங்காளோட ஆயுதம் எதிரியை குத்தி குத்தி முனை ஒடைஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்கு. சண்டைய பத்தி அவ்ளோ தான். எங்காளு பெரிய வீரன்னு ஒரு வார்த்தை கெடையாது, நீ போருக்கே போகாதவன்னும் சொல்லல, எண்ணெ போட்ட வேலு ஒரு பக்கம், ஒடஞ்ச வேலு ஒரு பக்கம். இத சொல்லிட்டு பசங்கள ஒரு வேலை செய்ய வெச்சாங்க பாருங்க, வீட்டுல நல்லா ஒழைக்கற ஒருத்தர பத்தி "கடின உழைப்பாளி"ன்னு சொல்லாம அவங்க பொழங்கற பொருள மட்டும் வெச்சு எழுதணும். எங்க பொண்ணு எங்க மாமியாரோட களைக்கொத்த எழுதுனா, புடி எந்த எடத்துல தேஞ்சு பள்ளமாயிருக்கு, அந்த பள்ளத்துல இவ வெரல வெச்சா பொருந்தல, இப்படி. மாமியாருக்கு படிச்சு காட்டுனோம், "ஏன்டி, அந்த ஒடஞ்ச கொத்த போயி எழுதியிருக்க, நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுக்கக்கூடாதா"ன்னாங்க.

காவேரிப்பட்டணத்துல இருந்து பஸ் ஏறி வர்ற ஒரு பொண்ணு இருக்கு, வீட்டுல தெலுங்கு பேசறவங்க, தமிழ்ல எழுத்துப்பிழை நெறைய வரும். அதுக்கு இந்த கிளாஸ் ரொம்ப செட் ஆயிடுச்சு, ஏன்னா இங்க பெரிய பெரிய வார்த்தை யாரும் கேக்கறதில்ல. அவங்கப்பா கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் பேக்டரில வேலை, சீசன்ல அவரு சட்டைல இருந்து போகாத அந்த புளிச்ச இனிப்பு வாசனைய தான் எழுதுச்சு, கைதட்டு வாங்குச்சு. பிழைய அம்மா தனியா திருத்துவாங்க, பாராட்டுனதுக்கு அப்புறம் தான்.

சாட்ஜிபிடில எழுதிட்டு வர்றவங்களும் உண்டு. ஒகேனக்கல் போயிட்டு வந்து எழுதுங்கன்னா ரெண்டு பேரு அப்படியே எறக்கிட்டு வந்துட்டாங்க, இயற்கை அன்னையின் மடியில் அது இதுன்னு. அம்மா ஒண்ணும் சொல்லல, பரிசல்காரர் துடுப்ப எந்தப் பக்கம் போட்டாரு, மீன் வறுக்கற எண்ணெ வாசனை எந்த எடத்துலேர்ந்து வர ஆரம்பிச்சுது, எண்ணெ மசாஜ் பண்ணிட்டு பாறைல படுத்திருந்தவரு என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு வரிசையா கேட்டாங்க. ஒருத்தன் திரு திருன்னு முழிச்சான். இன்னொருத்தன் நெஜமா போயிட்டு வந்தவன், எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொல்றான், சொல்லிட்டு "இத எழுதலாமா மிஸ்?"னு கேக்கறான். இதெல்லாம் கட்டுரைல வரலாம்னே அவனுக்கு தோணல.

இனி கொறைங்க. நோட்டு திருத்தி வர ரெண்டு வாரம் ஆகுது, சில சமயம் அதுக்கும் மேல. அவங்க ஒருத்தரே எல்லா வரியும் படிக்கறாங்க, புரியுது, ஆனா புள்ளைக்கு என்ன எழுதுனோம்னே மறந்து போனப்பறம் நோட்டு வந்து என்ன பிரயோஜனம், பேட்ச்ல ஆள கொறைக்கணும் இல்ல கூட ஒருத்தர வெச்சுக்கணும். அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஆறரைக்கு விடணும், ஏழேகால் வரைக்கும் இழுத்துடறாங்க, பஸ்ல போற பொண்ணுங்களுக்கு இது சிரமம், சொல்லியும் பாத்தாச்சு. ஏப்ரல் மே மாசம் அந்த தகர ஷீட்டுக்கு கீழ உக்கார முடியாது. ஃபோன் எடுக்கவே மாட்டாங்க, மெசேஜ் பாத்தா மறுநாள் பதில் வரும். இங்கிலீஷ் கட்டுரை கிடையாது, கேக்காதீங்க.

எல்லாத்தையும் விட பெருசு, பரீட்சை விஷயம். எங்க பொண்ணுக்கு காலாண்டுல கட்டுரைக்கு 8க்கு 4 தான் வந்துச்சு, "முன்னுரை இல்லை, உட்தலைப்பு இல்லை"ன்னு சிவப்பு மைல எழுதிருந்தாங்க. உள்ள என்ன எழுதிருக்குன்னு படிச்ச மாதிரியே தெரியல, தலைப்பு கோடு போட்டிருக்கான்னு பாத்திருக்காங்க, எனக்கு கோவம் வந்துச்சு. ஆனா அந்த பேப்பர் திருத்தறவங்க முன்னாடி எவ்வளவு கட்டு இருக்கும்னும் தெரியும். தப்பு எங்கன்னா தமிழம்மா இந்த சட்டகத்த ஆரம்பத்துலயே சொல்லித்தரல, மூணாவது டெர்ம்ல தான் சொல்றாங்க, பாக்கறது பழகட்டும் அப்பறம் தலைப்பு போட்டுக்கலாம்ங்கறது அவங்க கணக்கு. சொல்லித்தந்தப்பறம் முழு ஆண்டுல 7 வந்துச்சு. பத்தாவது புள்ளைக்கு அவ்வளவு நாள் பொறுக்க முடியுமா? முடியாது. அதனால பத்தாவது போறப்ப சேக்காதீங்க, எட்டாவதுலயே சேத்துடுங்க, இல்லன்னா ஒம்பதாவது ஆரம்பத்துல.

டவுனுக்குள்ள இன்னொரு பெரிய சென்டர் இருக்கு, பேரு வேணாம், அங்க ஸ்பைரல் பைண்டிங் போட்டு ரெடிமேடு கட்டுரை குடுக்கறாங்க, ஏசி ரூம், மாச டெஸ்ட், ரேங்க் கார்டு. எங்க நாத்தனார் பையன் அங்க போறான், 8க்கு 7 அவனுக்கு மொத மாசத்துலயே வந்துடுச்சு. உடனே மார்க் தான் வேணும்னா அங்கயே போங்க, நான் குத்தம் சொல்லல. ஆனா அவன ஒரு நாள் எங்க வீட்டு திண்ணைல உக்கார வெச்சு எதிர்ல இருக்கற டீக்கடைய பத்தி நாலு வரி எழுதுடான்னேன், "முன்னுரை"ன்னு எழுதி அடிக்கோடு போட்டுட்டு என்னையே பாத்துட்டு இருந்தான்.

சேர்றதா இருந்தா ஜூன்ல புது பேட்ச், சனிக்கிழமை நேர்ல தான் போகணும். கோடு போடாத நோட்டு ஒண்ணு, பென்சில் ஒண்ணு, பேனா மொத மாசம் வேணாம். சந்து குறுகல், கார் போகாது, பைக்க முனைல இருக்கற மாவு மில்லுகிட்ட நிறுத்திக்கலாம், மில்லுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், கொறச்ச ஒண்ணு அந்த ரெண்டு வாரம் தூங்கற நோட்டுக்காக.