நூதனசாலையில் பிற்பகல் வகுப்பு: ஒரு தாயின் அனுபவம்

பாடசாலை விட்ட பின்னர், கொழும்பு தேசிய நூதனசாலையின் காட்சிக்கூடங்களில் பதின்ம வயதினருக்கு ஓவியமும் எழுத்தும் கற்பிக்கும் சிறு குழுவொன்றில் என் மகள் தரம் 8 இல் சேர்ந்தாள். இப்போது தரம் 10 இல் படிக்கிறாள். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் பலர் கேட்பதால், கண்ட நிறைகுறைகளை எழுதுகிறேன்.

வகுப்பின் முறை எளியது. ஒரு நாளுக்கு ஒரே ஒரு பொருள்தான். முதலில் அதன் முன் அமர்ந்து பென்சிலால் வரைய வேண்டும். வரைந்து முடியும்வரை விளக்கப் பலகையைப் படிக்கக் கூடாது. பிறகு வெளியே பெரிய ஆலமரத்தடிக்கு வந்து, வரைந்ததைப் பற்றி எழுத வேண்டும்.

பொலன்னறுவையில் கிடைத்த காரைக்கால் அம்மையார் வெண்கலச் சிலையை மகள் மூன்று கிழமைகள் தொடர்ந்து வரைந்தாள். விலா எலும்புகளின் வரிகள், வற்றிய மார்பு, கையில் தாளம், அத்தனை மெலிவிலும் முகத்தில் தங்கியிருக்கும் நிறைவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுகொண்ட பிறகே, அழகைத் துறந்து பேயுருவை வேண்டிப் பெற்ற அந்த அம்மையின் கதையை வீட்டில் அப்பம்மாவிடம் கேட்டறிந்தாள். கதையை முன்பே சொல்லியிருந்தால் சிலையை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

எழுத்துப் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது காலி மும்மொழிக் கல்வெட்டை வைத்துச் செய்ததாகும். 1409 ஆம் ஆண்டுத் திகதியிடப்பட்டு, சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணத்தின்போது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அக்கல்லில், சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறப்பட்டுள்ளது. அது 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. ஒரே காணிக்கையை மூன்று வெவ்வேறு வாசகர்களுக்கு எழுதிக் காட்டும்படி பிள்ளைகளிடம் சொன்னார்கள். யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியைப் பாடசாலைக் கட்டுரைகள் என் மகளிடம் ஒருபோதும் கேட்டதில்லை. மனனம் செய்த முன்னுரையோடு தொடங்கும் பழக்கம் அவளிடமிருந்து மெல்ல மெல்லப் போய்விட்டது. தமிழ்ப் பாட ஆசிரியையே அதைக் கவனித்துச் சொன்னார்.

குறையென்றால் மொழிதான், அது சிறிய குறையும் அன்று. தொடக்கத்தில் பயிற்சித் தாள்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைத்தன. தமிழில் எழுதிய பிள்ளைகளின் பிரதிகள் 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தன, ஏனெனில் அவற்றை ஊன்றி வாசித்துத் திருத்த அங்கே எவரும் இருக்கவில்லை. பெற்றோர் சிலர் சேர்ந்து பலமுறை கேட்ட பின்னரே தமிழாசிரியர் ஒருவரை அழைத்தார்கள். அதன் பிறகுதான் ஓவியத்துக்குக் கிடைத்த கவனம் எழுத்துக்கும் கிடைத்தது. ஆகவே, இத்தகைய வகுப்பில் சேர்ப்பதற்கு முன் கட்டணத்தை விசாரிப்பதோடு, பிள்ளையின் தமிழை யார் வாசிப்பார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை நெருங்குவதால் நிறுத்திவிடும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். நாங்கள் நிறுத்தவில்லை, அதே நாளில் இருந்த கணிதப் பிரத்தியேக வகுப்பை சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம்.