486 வெள்ளி போச்சு: பூனைக்கு எச்சில் வடிந்தால் மூலிகைப் போத்தல் வாங்காதீர்கள்

இதை எழுதும்போது மணி இரவு பதினொன்றரை. என் பூனை பொன்னி அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறாள். இரண்டு பல் பிடுங்கி நாலு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் கை நடுங்குகிறது, கோபத்தில்தான். 486 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). அந்தப் பணத்தை நான் யாருக்குக் கொடுத்தேன், எப்படிக் கொடுத்தேன் என்று சொன்னால் என்னையே நாலு பேர் திட்டுவீர்கள். பரவாயில்லை, திட்டுங்கள். இன்னொருவர் ஏமாறாமல் இருந்தால் போதும்.

பொன்னிக்கு ஒன்பது வயது. சிங்கப்பூரில் வீவக, அதாவது அரசு அடுக்குமாடி, வீட்டில் பூனை வளர்க்கக்கூடாது என்றிருந்த காலத்திலேயே எங்கள் வீட்டுக்கு வந்தவள். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆனபோது, என் மகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள். அதுவரை ஜன்னல் ஓரம் அவள் வந்து உட்கார்ந்தால்கூட திரையை இழுத்துவிடுவோம். வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், அடிக்கடி கொண்டுபோகிற பழக்கமும் எங்களுக்கு இல்லாமலே போனது. அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு வீட்டில் இன்னொரு பெயர் ஜொள்ளி. மடியில் ஏறி, முன்னங்கால்களால் மாவு பிசைகிற மாதிரி பிசைந்து, கண்ணைச் சொருகிக்கொண்டு உறுமுவாள். அப்போது வாயோரம் ஒன்றிரண்டு சொட்டு எச்சில் விழும். குட்டியாக இருக்கும்போது தாயின் மடியைப் பிசைந்து பால் குடித்த சுகம் நினைவுக்கு வந்தால் சில பூனைகளுக்கு இப்படி வடியுமாம். மடியைவிட்டு இறங்கினால் நின்றுவிடும். வருஷக்கணக்காக இப்படித்தான். அதனால் எச்சில் என்றாலே எனக்குச் சந்தோஷம் என்றுதான் பொருள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அது மாறியது. மடியில் இல்லாதபோதும் வடிந்தது. தூங்கி எழுந்தால் தலையணையில் ஈரம். இடப்பக்கம் மட்டும். முன்னங்காலில் வெள்ளை முடியெல்லாம் பழுப்பாகக் கறை பிடித்திருந்தது. வாயைத் திறந்தால் கெட்ட வாடை. உலர்தீனியை எடுப்பாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுவாள், பாதி கீழே விழும். இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுத முடிகிறது. அப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

சரி, ஆளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, செயலியின் பெயரும் வேண்டாம். பழைய சாமானிலிருந்து புதுச் சாமான் வரை எல்லாரும் விற்கிற, வாங்குகிற செயலி ஒன்றில் இருந்தவர். செல்லப்பிராணிகளுக்கு "இயற்கை மூலிகை" விற்கிறவர். இரவு பத்து மணிக்கு நேரலையில் வருவார். பாத்திரம் கழுவிவிட்டு நான் கைப்பேசியை எடுக்கிற நேரம் அது.

நேரலையில் அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் பொன்னியின் காணொளி ஒன்றை அனுப்பினேன். பதில் தமிழில் வந்தது. "அக்கா, பொன்னின்னு பேரா? எங்க அம்மாவும் தஞ்சாவூர்ப் பக்கம்தான், காவிரியைப் பொன்னின்னுதான் சொல்லுவாங்க." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அவர் தஞ்சாவூரா தைப்பேயா என்று எனக்கென்ன தெரியும்? ஆனால் அந்த நேரத்தில், இந்த ஊரில் ஒரு பூனையைப் பற்றித் தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று இருந்தது. பொன்னி என்ன சாப்பிடுகிறாள், எப்போது தூங்குகிறாள், மகள் எந்த வகுப்பு என்றெல்லாம் விசாரித்தார். வெட்டிடம் காட்டலாமா என்று நானே கேட்டேன். "காட்டலாம் அக்கா, ஆனா அவங்க மயக்க ஊசி போடணும்பாங்க. ஒன்பது வயசுப் பூனை எழுந்திரிக்குமா சொல்லுங்க?" என்றார். பயத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தார். உடல் சூடாம். வாயில் நஞ்சு தேங்கியிருக்கிறதாம். ஆறு வாரம், மூன்று போத்தல், காலையும் இரவும் ஈறில் நாலு சொட்டு.

செயலியில் விலை 540 வெள்ளி. "உங்களுக்காகப் பத்து விழுக்காடு குறைக்கிறேன் அக்கா, ஆனா செயலி வழியா வேணாம், அவங்க கமிஷன் எடுப்பாங்க. பேநவ் பண்ணிடுங்க." பண்ணினேன், வங்கிக் கணக்கிலிருந்து நேராக. 486 வெள்ளி. திரையில் வந்த பெயர் அவர் சொன்ன பெயர் இல்லை. "அது அக்கவுண்ட் பார்க்கிற பார்ட்னர்" என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன். கோழிக்கறி வாங்கப்போனால் பத்து காசுக்குச் சண்டை போடுகிற நான்!

போத்தல் மறுநாளே வந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒட்டியிருந்த தாளில் இலைப் படம், "100 விழுக்காடு இயற்கை" என்று ஓர் அச்சு. என்ன போட்டிருக்கிறார்கள் என்று எங்கேயும் இல்லை. மூடியைத் திறந்தால் தலைவலித் தைல வாடை மூக்கில் ஏறியது.

முதல் சொட்டிலேயே பொன்னி நுரை கக்கினாள். வாயெல்லாம் சோப்புத் தண்ணீர் மாதிரி. தலையை உதறிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். பதறிப்போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை: "சூப்பர் அக்கா. நஞ்சு வெளியேறுது. எவ்வளவு வடியுதோ அவ்வளவு நல்லது."

எச்சில் வடிகிறது என்று மருந்து கேட்டவளிடம், மருந்து எச்சிலை அதிகமாக்கினால் அதுவே குணம் என்று விற்றிருக்கிறார். நான் அதையும் நம்பி, மகளைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நாலு வாரம் ஊற்றினேன். இதை நினைத்தால்தான் பணத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

ஐந்தாம் வாரம் ஒரு நாள் முழுக்க அவள் எதையும் தொடவில்லை. டின் மீனைக்கூட முகர்ந்துவிட்டுப் போனாள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா (மக்சிக்), புளோக்குக்குக் கீழே பூனைகளுக்குச் சோறு வைக்கிறவர், எட்டிப் பார்த்தார். போத்தலை முகர்ந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னிக்கே தூக்கிட்டுப் போ" என்றார். அவரே டாக்சியும் கூப்பிட்டார். வழியெல்லாம் கூண்டுக்குள் அவள் எச்சில் விட்டுக்கொண்டே வந்தாள். அது பயத்தாலும் குமட்டலாலும் வருமாம், வண்டியைவிட்டு இறங்கினால் அடங்கிவிட வேண்டும். இவளுக்கு அடங்கவில்லை.

வெட் ஓர் இளம்பெண். முதலில் கேள்வியாகக் கேட்டார். வீட்டில் லில்லிப் பூ வைத்தீர்களா? மணிபிளான்டைக் கடித்தாளா? நாய்க்கான உண்ணி மருந்தைத் தடவினீர்களா? பூ கட்டுகிற நூலைக் கடித்து விளையாடுவாளா? நான் வெள்ளிக்கிழமை பூ கட்டுகிறவள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூல் நாக்குக்கு அடியில் சிக்கிக்கொண்டு, மறுமுனை வயிற்றுக்குள் போய்விடுமாம். அதனால் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். நூல் இல்லை. உதட்டை விலக்கி இடக் கீழ்க்கடைவாயில் ஒரு பல்லைத் தொட்டதும் பொன்னியின் தாடை கடகடவென்று அடித்தது. "இதுதான்" என்றார்.

பூனையின் உடலே தன் பல்லைக் கரைத்துக்கொள்கிற ஒரு நோயாம். வளர்ந்த பூனைகளிடம் சாதாரணமாகப் பார்ப்பதுதான், ஏன் வருகிறது என்று உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஈறு ஓரத்தில் சின்னச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும், உள்ளே வேர்வரை அரித்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் முழுதும் தெரியும், அதற்கு மயக்கம் கொடுத்தாக வேண்டும். சொட்டு மருந்து எதுவும் அதைத் திருப்பாது, அந்தப் பல்லை எடுப்பதுதான் வழி. முதலில் ரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்த்தார். அது கெட்டிருந்தாலும் வாய்ப்புண் வந்து இப்படி வடியுமாம். நல்லவேளை, அது சரியாக இருந்தது.

மயக்கத்தைப் பற்றி அந்த ஆள் சொன்னதை வெட்டிடம் கேட்டேன். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. வயது மட்டும் காரணமில்லை, அதற்காகத்தான் முன்கூட்டியே ரத்தம் பார்க்கிறோம் என்றார். அப்புறம் போத்தலை நீட்டினேன். முகர்ந்தவுடன் முகம் மாறியது. இப்படி வாடை வருகிற எண்ணெய்கள், தேயிலை மர எண்ணெய், யூக்கலிப்டஸ், புதினா எண்ணெய் எல்லாம் பூனைக்கு ஆகாது. நம் ஈரல் உடைத்து வெளியேற்றுகிற பல பொருள்களைப் பூனையின் ஈரலால் அப்படி உடைக்க முடியாது. பாரசிட்டமோல் பூனையைக் கொல்வதும் இதனால்தானாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாததால் எந்த எண்ணெய் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நுரை வந்தது நஞ்சு வெளியேறியதால் இல்லை, வாய் எரிந்ததாலும் கசந்ததாலும் வந்தது என்று மட்டும் சொன்னார். இன்னும் இரண்டு நாள் சாப்பிடாமல் விட்டிருந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து வேறு வம்பாகியிருக்குமாம்.

வெட்டுக்கு ஆன செலவைப் பற்றி நான் முறையிடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பில் இருக்கிறது.

இனி அந்த ஆளின் பதில்கள். நான் பணத்தைத் திருப்பிக் கேட்ட முதல் நாள்: "அக்கா, கோர்ஸ் முடிக்காம நிறுத்தினா இப்படித்தான்." இரண்டாம் நாள்: "திறந்த போத்தலுக்கு ரீஃபண்ட் இல்ல." திறக்காத இரண்டு போத்தல் இருக்கிறதே என்றேன். "செட்டா வாங்கினா செட்டாத்தான் அக்கா." எக்ஸ்ரே படத்தை அனுப்பினேன். "வெட்டுங்க எல்லாம் இப்படித்தான் காட்டுவாங்க." மூன்றாம் நாள் அக்கா காணாமல்போய் "மேடம்" ஆனேன். பார்ட்னர் வெளிநாட்டில் இருக்கிறார், வந்ததும் பார்ப்பார். நான்காம் நாள், நான் அளவுக்கு மேல் ஊற்றியிருப்பேன். ஐந்தாம் நாள் என் செய்தி போகவே இல்லை. தடுத்துவிட்டார்.

செயலிக்காரர்களிடம் போனேன். முதலில் ஓர் இயந்திரம் பதில் சொன்னது, இரண்டாவது முறையும் அதே இயந்திரம். மூன்றாவது முறை ஒரு மனிதர்: பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வங்கியில்: நீங்களே அனுப்பிய பணம், நாங்களாகத் திருப்ப முடியாது, போலிசில் புகார் கொடுங்கள். கொடுத்திருக்கிறேன். பத்து விழுக்காடு தள்ளுபடி என்று அவர் சொன்ன அந்த 54 வெள்ளி எதற்கு என்று இப்போது புரிகிறது. எனக்கு இருந்த ஒரே பாதுகாப்பை என்னிடமிருந்தே 54 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டார்.

பத்துப் பதினைந்து குறிப்பு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபத்தில் நாலுதான் வருகிறது.

மடியில் இருக்கும்போது மட்டும் ஒன்றிரண்டு சொட்டு, இறங்கினால் நின்றுவிடுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் பயமில்லை. இதுவரை வடியாத பூனைக்குத் திடீரென வடிந்தால், ஒரு பக்கம் மட்டும் வடிந்தால், வாடையோ ரத்தமோ இருந்தால், தீனி வாயிலிருந்து விழுந்தால் வெட்டிடம் போங்கள். எதையாவது கடித்தபின் வடிந்தாலோ, நடக்கத் தள்ளாடினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் பூனை வாயில் ஊற்றாதீர்கள்.

செயலியை விட்டு வெளியே பணம் அனுப்பாதீர்கள். யார் அக்கா என்றாலும்.

விற்றவரின் உண்மையான பெயரும் முகவரியும் இருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள். என்னிடம் இருப்பது ஒரு பேநவ் பெயர் மட்டும். அது வேறு யாருடையதோ. யாருக்காவது இப்படி ஒரு நிலையிலிருந்து பணம் திரும்பியிருந்தால் கீழே எழுதுங்கள்.

486 வெள்ளி. திறக்காத இரண்டு போத்தல் இன்னும் அலமாரியில் இருக்கிறது, போலிசுக்குக் காட்ட. பொன்னி எழுந்துவிட்டாள், வலி மருந்து கொடுக்கிற நேரம். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.