முதுகில் ஊதும் பிசிடி: 160 டைவுக்கு அப்புறம்

"அக்கா, நீங்க போடுற அதே பிசிடி இப்ப 34,000க்கு வந்துடுச்சு. வாங்கிடவா?" என்று என்னோடு ஸ்கூபா டைவ் செய்யும் தங்கை ஒருத்தி போன வாரம் கேட்டாள். பிசிடி என்பது சிலிண்டரை முதுகில் தாங்கி, காற்றை ஊதியும் வெளியேற்றியும் மிதப்பைக் கட்டுப்படுத்த நாங்கள் போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரியான கருவி. வேறு நாளாக இருந்திருந்தால் யோசிக்காமல் வாங்கிடு என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்டது மோசமான ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். படகு வரும்வரை பாண்டிச்சேரிக் கடலில் கால் மணி நேரம் மிதந்து, அலைக்கு அலை உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தேன். தொண்டை எரிச்சல்கூட அடங்கவில்லை.

என்னுடையது காற்றுப்பை முழுவதும் முதுகுப் பக்கம் இருக்கிற வகை. 2021 கடைசியில் 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். இதுவரை 160 டைவ். பெரும்பாலும் பாண்டி, இரண்டு முறை அந்தமான், ஒரு முறை திருகோணமலை புறாத்தீவு. தையல் ஒன்றும் பிரியவில்லை, பை எங்கும் கசியவில்லை. எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது இந்த வகை பிசிடி எல்லாவற்றுக்குமே ஓரளவு பொருந்தும்.

தண்ணீருக்குள் இதற்கு ஈடு கிடையாது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் ஜாக்கெட் வகை பிசிடியில் காற்று விலாவையும் இடுப்பையும் சுற்றி நிற்கும். எனக்கு அதில் எப்போதும் நெஞ்சு மேலே, கால் கீழே என்று உடம்பு சாய்ந்தே போகும். பாண்டியில் அது பெரிய தொல்லை. டெம்பிள் ரீஃப் மாதிரி 18 மீட்டர் ஆழத்தில், அடியில் மணலும் மெல்லிய சேறும் கிடக்கிற இடத்தில், காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை தரையைத் தட்டினால் போதும், பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பிசிடியைப் போட்டு இறங்கிய முதல் நாளே உடம்பு பாய் விரித்த மாதிரி நேராகக் கிடந்தது. கையை வீசவில்லை, காலை உதறவில்லை. கல் இடுக்கில் இருந்த களவா மீன் ஒன்று என்னைப் பார்த்தபடி அங்கேயே நின்றது. அதற்கு முன்பு எந்தக் களவாவும் எனக்காக அவ்வளவு நேரம் நின்றதில்லை. முன்பெல்லாம் 45 நிமிடத்தில் சிலிண்டரின் காற்றழுத்தம் 50 பாருக்கு இறங்கி, மேலே வர வேண்டியதாகிவிடும், இப்போது அதே ஆழத்தில் 55 நிமிடம் இருக்க முடிகிறது. அனுபவமும் கூடியிருக்கிறது, எல்லாப் பெருமையும் பிசிடிக்குப் போகாது. ஆனால் பெரும் பங்கு அதற்குத்தான்.

மேலே வந்தபிறகுதான் கோபம் வருகிறது.

பையை ஊதினால் அது தூக்குவது முதுகை. தண்ணீருக்குள் இறங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டிகள் இருப்பதோ இடுப்புக்கு முன்னால் இருக்கிற பைகளில். பின்னால் இருப்பது மேலே தூக்க, முன்னால் இருப்பது கீழே இழுக்க, முகம் தண்ணீரை நோக்கிக் குனிகிறது. அதுவும் டைவ் முடிகிற நேரத்தில்தான் அதிகம். 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் உள்ளே இருக்கிற காற்றின் எடை மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல் வரும். அதில் பெரும்பகுதியைச் சுவாசித்து முடித்ததும் சிலிண்டரே மிதக்கத் தொடங்கி, அதுவும் தன் பங்குக்கு முதுகைத் தூக்கும். கடல் ஏரி மாதிரி கிடக்கிற அந்தமான் காலை ஒன்றில் இது தெரியவே தெரியாது. இங்கே கடற்காற்று ஏறி அலை புரள ஆரம்பித்தபின், மாஸ்க்கைக் கழற்றாமல், மூச்சு விடும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எடுத்தால் அடுத்த அலை வாய்க்குள்.

சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. ஐந்து கிலோ வெயிட்டில் இரண்டு கிலோவை சிலிண்டர் பட்டையில் கோத்த சின்னப் பைகளுக்கு மாற்றினேன், நன்றாகவே உதவியது. மேலே வந்ததும் பையை முழுக்க ஊதாமல் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கிற அளவுக்கு மட்டும் ஊதுகிறேன். காலை முன்னால் நீட்டி, ஈஸி சேரில் சாய்கிற மாதிரி பின்னால் சாய்ந்து கொள்கிறேன். இத்தனையும் செய்தால் பாதித் தொல்லை குறைகிறது. களைத்துப்போய் மேலே வருகிறவளுக்கு இத்தனை வேலை எதற்கு என்பதுதான் என் ஆத்திரம். இரும்புச் சிலிண்டர் இருந்தால் காலியானபின்பும் அது மிதக்காது, கதையே வேறு. நான் போகிற படகுகளில் அலுமினியம்தான்.

ஜனவரியில் இன்ஃப்ளேட்டர் பொத்தான், அதாவது பைக்குள் காற்றை விடுகிற பொத்தான், சிக்கிக்கொண்டது. 12 மீட்டரில் நான் அழுத்தாமலே காற்று சீறி உள்ளே போக, உடம்பு மேலே கிளம்பியது. உடனே சிலிண்டரிலிருந்து காற்று வரும் குழாயைப் பிசிடியிலிருந்து பிடுங்கி, பையைக் காலி செய்து நிதானத்துக்கு வந்தேன். வால்வில் உப்புப் படிந்திருந்தது. இதற்குப் பிசிடியைத் திட்ட மாட்டேன். நான் வெளிப்பக்கம் மட்டும் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் ஊதுகுழல் வழியாக நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடித்துவிட்டு, பாதி ஊதிய நிலையில் நிழலில் தொங்கவிடுகிறேன். பொத்தானையும் நல்ல தண்ணீருக்குள் வைத்துப் பலமுறை அழுத்திவிடுகிறேன். புது வால்வுக்கு 3,200 ரூபாய் ஆனது. பாகம் வந்து சேர மூன்று வாரம்.

அந்த மூன்று வாரமும் வாடகை ஜாக்கெட். உள்ளே கால் பழையபடி கீழே இழுத்தது, சேற்றைக் கிளப்பினேன், கூட வந்தவரிடம் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். மேலே வந்து ஊதியதும் நெஞ்சை நெரித்தது. ஆனால் தலை நிமிர்ந்து நின்றது! நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி மிதந்துகொண்டு, ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, பார்த்த மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். டைவ் முடிந்தபின் அப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

தங்கைக்கு என்ன சொன்னேன் என்றால், வாங்காதே. அவள் ஓபன் வாட்டர் என்ற ஆரம்பப் பயிற்சியை முடித்து நாலு மாதம்தான் ஆகிறது. பயிற்சியில் அவள் பயந்து போனது ஆழத்தில் இல்லை, மேலே, முகத்தில் அலை அடித்தபோது. அவளை முன்னால் குனிய வைக்கிற எதையும் 24,000க்கே கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஜாக்கெட் வகையைக் கடையில் வெட்சூட்டோடு (டைவ் உடையோடு) போட்டு, முழுக்க ஊதிப் பார்த்து, மூச்சு தாராளமாக வருகிற அளவில் எடு என்றேன். குட்டையான உடம்புக்காரிக்குத் தோள்பட்டை முழுக்க இழுத்த பிறகும் காது வரை ஏறாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன்.

"அப்ப உங்களோடதை வித்துடுவீங்களா அக்கா?" என்றாள்.

இல்லை. சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கப் போகிறேன். இன்னொரு அரைக் கிலோவைப் பின்னால் மாற்றியிருக்கிறேன்.