விளம்பரத் தடுப்பானோடு ஒன்லைனில் பொருள் வாங்குவது: ஒரு விசுவமடுக் கடைக்காரரின் அனுபவம்

விசுவமடுவில் கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட் என்று தொடங்கிய கடை. 2020 ஊரடங்குக்குப் பிறகு சனம் ஒன்லைனில் ஓடர் போடவும் இங்கேயே வருகிறது. மருந்தடிக்கும் மெசினுக்கு நொசில், தையல் மெசினுக்கு மோட்டர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை எல்லாம் கடைக் கணினியில்தான் தேடி எடுக்கிறோம். அந்தக் கணினியில் யூபிளாக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் பல வருடமாகப் பாவிக்கிறேன். அது இல்லாமல் இனி ஒரு கடைப்பக்கமும் திறக்க மாட்டேன். ஆனால் காசு கட்டும் இடத்தில் அது இயங்கக் கூடாது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கான முதல் தேவை டேட்டா. பரந்தன் முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளே போகப் போக சிக்னல் மெலியும். பெரும்பாலான வீடுகளில் ரீலோட் காட் போட்டுத்தான் இணையம். ஒரு கடைப்பக்கத்தைத் திறந்தால் நாம் கேட்காத வீடியோ தானாக ஓடும். பக்கத்துக்குப் பக்கம் விளம்பரப் படம். யூபிளாக் ஒரிஜினின் செட்டிங்கில், குறித்த அளவுக்கு மேற்பட்ட படத்தையும் வீடியோவையும் நிறுத்தி வைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் அது 50 கிலோபைட் என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் பொருளின் பெரிய படம் இருக்கும் இடத்தில் வெறும் பெட்டிதான் தெரியும். பார்க்க வேண்டிய படத்தை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். நொசிலின் புரி எந்த அளவு என்று பார்க்க ஒரு படம் போதும், இருபது படம் வேண்டாம். இந்த வசதியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எனக்கு விளம்பரம் மறைவதைவிட இதுதான் பெரிய உதவி.

சரி, இனிக் காசு கட்டும் கதை.

உடையார்கட்டில் இருந்து ஒரு அக்கா தையல் மெசின் மோட்டர் வாங்க வந்திருந்தார். வங்கிக் காட் நம்பர் அடித்தாயிற்று, வங்கியின் இரகசிய எண் அவருடைய போனுக்கு வந்துவிட்டது. திரையில் அதை அடிக்கும் கட்டம் மட்டும் வரவில்லை; வெள்ளையாக நின்றது. "தம்பி, நம்பர் வந்திட்டுது, எங்கை அடிக்கிறது?" என்று அவர் கேட்டபடி நிற்கிறார். அந்த எண்ணுக்கு ஆயுள் சில நிமிடம்தான். "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, இது காலாவதியாகட்டும், வேறை எடுப்பம்" என்று சொல்லி, தடுப்பானே இல்லாத இன்னொரு உலாவியில் முதலில் இருந்து போனோம். கட்டம் ஒழுங்காக வந்தது.

இது ஏன் நடக்கிறது? காசு கட்டும் நேரத்தில் கடைப்பக்கம் மட்டும் வேலை செய்வதில்லை. கொடுப்பனவு நிறுவனத்தின் பக்கமும் வங்கியின் சரிபார்ப்புப் பக்கமும் அதற்குள்ளேயே திறக்கும். மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக நம் கருவியின் விபரத்தை வாசிக்கும் நிரல்களும் கூடவே ஓடும். விளம்பரக்காரன் நம்மைப் பின்தொடரப் போடும் நிரலும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் எதை வெட்ட வேண்டும் என்று தடுப்பான் வைத்திருக்கும் பட்டியல் சிலவேளை இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடும். உலாவியில் வெளித்தளக் குக்கீயை (நாம் திறந்த தளம் அல்லாத வேறு தளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பை) மூடி வைத்திருந்தாலும் இதே கோளாறு வரலாம்.

இதைவிட மோசமானது, எண்ணை அடித்த பிறகு கடைப்பக்கத்துக்குத் திரும்பி வரும் வழியில் அடைபடுவது. ஒரு முறை ஒரு ஐயாவின் கணக்கில் காசு கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது; கடைப்பக்கத்தில் ஓடரே இல்லை. காசு திரும்பி வரச் சில நாட்கள் பிடித்தது. சிறுபோகத்துக்கு மருந்தடிக்க வேண்டிய நேரத்தில் அவருக்கு அது சின்னக் காசில்லை. அப்படியான நேரத்தில் பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணவே வேண்டாம். முதலில் கடைக் கணக்கில் ஓடர் பட்டியலைப் பாருங்கள், பிறகு எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் வங்கிக்கு எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் இன்னொரு முறை காட்டைத் தொட வேண்டும்.

இப்போது என் ஒழுங்கு இதுதான். தேடுவது, விலை பார்ப்பது, விமர்சனம் வாசிப்பது எல்லாம் தடுப்பான் உள்ள பயர்பொக்ஸில். பொருளைக் கூடையில் போட்டதும் எக்ஸ்டென்ஷன் (தடுப்பான் போல உலாவியில் சேர்க்கும் சின்னச் செயலி) ஒன்றுமே இல்லாத வேறு உலாவியில் அதே கணக்கில் நுழைவேன். கூடை கணக்கோடு சேர்ந்திருப்பதால் அங்கேயும் அப்படியே இருக்கும். அங்கே காசைக் கட்டி முடித்து வெளியேறிவிடுவேன். இரண்டு உலாவி வைத்திருக்கப் பஞ்சிப்படுபவர்கள் தடுப்பானின் பெரிய நீலப் பொத்தானை கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தினால் அந்தப் பக்கத்தில் மட்டும் அது வேலை செய்யாது. ஆனால் கொடுப்பனவு தொடங்குவதற்கு முதலே அதைச் செய்ய வேண்டும், நடுவில் செய்தால் பலனில்லை.

விலைக்கழிவு தேடித் தரும் எக்ஸ்டென்ஷன்களை நான் ஒருவருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. இலங்கைக் கடைகளுக்கு அவற்றால் கிடைப்பது மிகக் குறைவு. கொடுக்கும் அனுமதியோ எல்லா இணையத்தளத்திலும் உள்ளதை வாசிக்கவும் மாற்றவும் என்றிருக்கும். பேபால் 2020இல் ஏறக்குறைய 400 கோடி டொலருக்கு வாங்கிய ஹனி என்ற விலைக்கழிவு எக்ஸ்டென்ஷன் மீதே, பரிந்துரைத்தவருக்குப் போக வேண்டிய தரகுக் கூலியைத் தன் பக்கம் திருப்புகிறது என்று 2024 டிசம்பரில் பெரிய குற்றச்சாட்டு எழுந்தது. தடுப்பான்களிலும் கவனம் வேண்டும். நனோ அட்பிளாக்கர் என்று நல்ல பெயரோடு இருந்த ஒன்று 2020இல் கைமாறியது. புதியவர்கள் அதற்குள் பாவனையாளரின் தகவலை எடுக்கும் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். நேற்று நம்பியது இன்று வேறு ஆளின் கையில் இருக்கலாம். ஆகவே எக்ஸ்டென்ஷன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எனக்கு ஒன்றே போதும்.

குரோம் பாவிப்பவர்கள் பழைய யூபிளாக் ஒரிஜின் காணாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதியை கூகுள் மாற்றியதால் 2024 நடுப்பகுதியில் தொடங்கி 2025இல் அது குரோமில் முற்றாக நின்றுவிட்டது. லைட் என்ற சிறிய பதிப்பு இருக்கிறது, சாதாரண விளம்பரத்துக்கு அது காணும். நான் மேலே சொன்ன படம் நிறுத்தும் வசதிக்காகவே பயர்பொக்ஸில் நிற்கிறேன்.

போனிலும் அப்படித்தான். அன்ட்ரொயிட் பயர்பொக்ஸில் யூபிளாக் ஒரிஜினைப் போடலாம். ஆனால் கடையின் அப்பிலோ ஃபேஸ்புக் அப்பிலோ எந்த எக்ஸ்டென்ஷனும் வேலை செய்யாது. எங்கள் பிள்ளைகள் அரைவிலை போன் என்ற போலி விளம்பரத்தைக் காண்பது அங்கேதான். அம்மாவின் காட் நம்பரை அடிக்கப் போவதும் அங்கேதான். அந்த விளம்பரத்தைப் பார்த்து வருபவர்களிடம் நான் சொல்வது: கடையின் பெயரை பயர்பொக்ஸில் நீங்களே அடித்துத் தேடுங்கள், விளம்பரத்தைத் தொட்டுப் போக வேண்டாம். தெரியாத கடையென்றால் பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறை இருந்தால் மட்டும் ஓடர் போடுங்கள். பார்சல்காரர் போன் எடுத்துச் சந்திக்கு வரச் சொல்வார். போய்ப் பெட்டியில் உங்கள் பெயரையும் அனுப்பியவரின் பெயரையும் வாசித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கலாம்.